குறைமாதக் குழந்தையும் வளர்ச்சி ஹார்மோனும்

நேயர்களே, சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் என்னைக் கேட்ட கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெயரனை மடியில் ஏந்தியபடி, "ஐயா, பிள்ளை வளர ஊசி இருக்கிறதாமே, அதைப் போட்டால் என்ன?" என்றார்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. ஆகவே, இது ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டுமன்று.

மூதாட்டி கேட்டது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஊறும் வளர்ச்சி ஹார்மோனைப் பற்றியாகும். ஆனால், கருப்பையிலுள்ள குழந்தை பெரும்பாலும் அதனை நம்பி வளர்வதில்லை. அந்த ஹார்மோன் சுரவாத குழந்தையும் ஏறக்குறைய இயல்பான நீளத்துடனேயே பிறக்கிறது. கருவை வளர்ப்பவை இன்சுலினும், 'இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி'யும் ஆகும். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வரும் உணவே இவற்றை ஊக்குகிறது. குழந்தை முந்திப் பிறந்ததும் அவ்வழி அறுபடுகிறது. அக்காரணியும் சட்டெனக் குறைகிறது. வளர்ச்சி ஹார்மோனோ இரத்தத்தில் மிகுந்தே காணப்படுகிறது!

மிகுந்திருந்தும் பயன்படாதது ஏன்? பழவேற்காட்டார் அறிந்த உவமை ஒன்று சொல்வேன். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், வெளியே கடல் ததும்பினும் ஏரிக்கு நீர் வாராது, இறாலும் பெருகாது. ஹார்மோனின் ஏவலை ஏற்று அக்காரணியைச் சுரக்க வேண்டிய கல்லீரலும், உணவு குறைந்தபோது அவ்வாறே அடைபட்டுக் கிடக்கிறது. அந்நிலையில் கடல்நீரைக் கூட்டி ஆவதென்ன? மணலை அன்றோ அகற்ற வேண்டும்!

அதனை அகற்றும் ஆற்றல் உணவுக்கு உண்டு. அவ்வுணவுகளில் தலையாயது தாய்ப்பால். சுமார் 34 வாரம் ஆகும்வரை உறிஞ்சி விழுங்கும் ஒழுங்கு குழந்தைக்குக் கைகூடாது. ஆதலின், பீய்ச்சியெடுத்த பாலை மருத்துவமனையில் முதலில் குழாய் வழியாகவும், பின்னர்ப் பாலாடையாலும் புகட்டுவர். உண்ட பால் உடலைச் சூடாக வைப்பதிலேயே செலவாகிவிடாமல் காப்பது தாயின் மார்புச் சூடு. குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் இம்முறையை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே தொடங்கினார். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இவ்வாறு அணைத்திருக்குமாறு 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

"அம்மா, அவ்வூசி வேறு சில குறைபாடுகளுக்கு உரியது. தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். அன்று மாலையே இருவரையும் அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார்.

மாணவ நண்பர்களே, உங்கள் தெருவில் ஒரு குழந்தை முந்திப் பிறந்ததென்று கேட்டால், நீங்களும் இதனையே எடுத்துச் சொல்லுங்கள்.