முட்டைக்குள் போன மதுசாரம்

மழையில் நனைந்து கொழுந்தெடுத்து வரும் பிள்ளைத்தாச்சிக்கு, "கொஞ்சமா சாராயம் குடி, குளிரும் உடம்பு வலியும் போயிடும்" என்று சில வீடுகளில் கொடுக்கிறார்கள். அன்பில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு அது என்ன செய்கிறது? மிருகங்களின் கருவில் விஞ்ஞானிகள் கண்டதைச் சொல்கிறோம்.

அடை வைத்த கோழி முட்டை 21 நாளில் குஞ்சாகிறது. முதல் சில நாட்களிலேயே மூளையும் முகமும் உருவாகத் தொடங்கிவிடும். இந்த வேலையை நடத்துவது புரதங்கள். பருப்பிலும் கருவாட்டிலும் உள்ள புரதம் நமக்குத் தெரியும். கருவும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்ளும். அவற்றில் சில கங்காணி மாதிரி. எந்தக் கலம் எங்கே போய் என்னவாக வேண்டும் என்று வேலை பிரித்துக் கொடுக்கும். பெரட்டுக்குக் கங்காணி வராவிட்டால், எந்த மலைக்குப் போவது என்று தெரியாமல் ஆட்கள் நிற்போம் அல்லவா?

முட்டைக்குள் அதுதான் நடந்தது. கோழிக் கருவில் மதுசாரம் பட்டதும் அப்படிப்பட்ட ஒரு புரதம் குறைந்துபோனதாக அமெரிக்க விஞ்ஞானிகள் 2002 இல் எழுதினார்கள். முகத்தை உருவாக்கும் கலங்கள் செத்தன. முகம் சரியாக வளரவில்லை. அந்தப் புரதத்தைத் திரும்பக் கொடுத்தபோது கலங்கள் பிழைத்தன.

1981 இல் சுண்டெலிகளில் இன்னொன்று கண்டார்கள். கர்ப்பத்தின் 7 ஆம் நாளில் மதுசாரம் கொடுத்த எலிகளின் குட்டிகளுக்குச் சின்னக் கண், மெல்லிய மேலுதடு. அதிகம் குடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் டொக்டர்மார் 1973 இல் கண்ட அதே அடையாளம். எலிக்கு 7 ஆம் நாள் என்றால் மனிதருக்கு மூன்றாம் வாரம். முழுகாமல் இருப்பது அந்தப் பெண்ணுக்கே நிச்சயமாகத் தெரியாத நேரம்!

முட்டைக்காவது ஓடு உண்டு. நம்ம பிள்ளைக்கு அதுவும் இல்லை. தாய் குடித்தது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். கெட்டுப்போன மூளை வளர்ச்சியைப் பிறகு மருந்தால் திருத்த முடியாது.

ஆகவே தாய்மாரே, பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் நாளிலிருந்தே சாராயம், கசிப்பு, பியர் எதுவும் வேண்டாம். இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. தெரியாமல் குடித்திருந்தால் மறைக்காதீர்கள், மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லதுதான். தினமும் அதிகம் குடித்துப் பழகியவர்கள் டொக்டரின் உதவியோடு நிறுத்த வேண்டும்.

ஆண்களே, நனைந்து வருகிறவளுக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டியது சாராயம் அல்ல. காய்ந்த உடுப்பும், சூடான இஞ்சித் தேத்தண்ணியும், கொஞ்ச நேர ஓய்வும் கொடுங்கள். அது போதும்.