சாம்பல் பூத்த அம்பாசடர்

பல வருடம் வெயிலில் நின்ற பழைய அம்பாசடரின் பானெட்டில் விரலை இழுத்தால், சுவரில் சுண்ணாம்பு ஒட்டுவதுபோல ஒரு பொடி விரலில் வரும். கரும்பச்சை சாம்பல் பூத்திருக்கும். சிவப்பு வெளிறி ரோஜா நிறத்துக்கு இறங்கியிருக்கும். பார்க்கிறவர் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வது ஒன்றுதான்: "பெயிண்ட் போயிருச்சு, சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிரலாம்." அப்படி முடிவு கட்டுமுன் ஒரு சொம்பு தண்ணீரை அந்த பானெட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் நிற்கும்வரை பழைய கரும்பச்சை அப்படியே எழுந்து வரும், காய்ந்ததும் மறைந்துவிடும். இல்லாத நிறத்தைத் தண்ணீர் கொண்டுவராது. பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெயிண்ட் போகவில்லை, மறைந்துதான் கிடக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

பெயிண்ட் என்பது நிறமித் துகள்களும், அவற்றைப் பிடித்து வைக்கும் பிசினும் சேர்ந்த படலம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பிசினின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கின்றன. மேற்பரப்பில் பிசின் கரைந்து போக, பிடிமானம் இழந்த நிறமி பொடியாக உதிர்கிறது. மிஞ்சுவது நுண்ணிய மேடுபள்ளங்கள். வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பும். கரடான பரப்பு எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். சிதறிய வெள்ளொளி நிறத்தோடு கலந்து கண்ணுக்கு வருவதைத்தான் நாம் வெளுப்பு என்கிறோம். தெளிந்த கண்ணாடியை உப்புத்தாளால் தேய்த்தால் பால்போல் ஆகிறது. அதில் யாரும் வெள்ளை பூசவில்லை. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுவதால்தான் நிறம் திரும்பியதுபோல் தெரிகிறது. விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியை எண்ணெய்த் துணியால் துடைத்து மினுக்குவதும் இதே தந்திரம்தான். எண்ணெய் காயக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், அவ்வளவே. சிவப்பு சங்கதி சற்று வேறு: பழைய சிவப்பு நிறமிகளில் சில வெயிலில் தாமே சிதையக்கூடியவை. ஆனாலும் ஒளி எட்டும் ஆழம்வரைதான் அந்தச் சிதைவு. வெள்ளையில் வேறொரு வேடிக்கை. நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடே வெயிலிலும் ஈரத்திலும் தன்னைச் சுற்றியுள்ள பிசினை அரிக்கத் துணைபோகிறது. அதனால்தான் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா போன்றவற்றால் மேலுறை போடுகிறார்கள்.

ஆக, வேலை மேல் படலத்தோடு முடிகிறது. வண்டியைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுத்தபின், கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது ஒற்றைப் பூச்சு: நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில். பழைய வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. இதற்கு எடுத்த எடுப்பில் முரட்டு கம்பவுண்ட், அதாவது உராய்பொடி கலந்த பசை, கூடாது. உராய்பொடி இல்லாத, எண்ணெய் மிகுந்த பாலிஷைத் தாராளமாகத் தடவி இரவு முழுக்க ஊறவிட்டுத் துடைத்த பிறகு, இருப்பதிலேயே மென்மையான கம்பவுண்டில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறுவதே முறை. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிசாக இருக்கும். அங்கே மெஷின் வேண்டாம், கை போதும். கடைசியில் வாக்ஸ். துணியில் நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற படலம் உண்டு என்று பொருள். அது சுமார் 40 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. புற ஊதாவைத் தடுக்கும் பொருள் அதில்தான் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்தக் காப்பும் போகும். அது தோலுரிந்து வெள்ளைத் திட்டாகிவிட்டால் எந்த பாலிஷும் உதவாது, அடிக்கத்தான் வேண்டும். ப்ரைமர் தெரிந்த இடத்துக்கும், அடியில் துரு கொப்பளித்த இடத்துக்கும் இதே தீர்ப்பு.

பாலிஷ் போடுவதும் பெயிண்டைத் தேய்ப்பதுதானே என்று கேட்கலாம். உண்மைதான், பெயிண்ட் செலவழிந்தால் திரும்ப நிரம்பாத சேமிப்பு. ஆனால் ஆழமான வேலை ஒருமுறைதான், பிறகு நிழலும் வாக்ஸும் காக்கும். சில மைக்ரான் போகிறதே என்று அஞ்சி மொத்தத்தையும் சுரண்டி எறிவதில் என்ன கணக்கு இருக்கிறது? இன்றைய பாலியூரித்தேன் பெயிண்ட் பழையதைவிட வெயில் தாங்கும் என்பது இன்னும் வலுவான வாதம். தினமும் சவாரிக்குப் போகும் வண்டிக்கு அதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் அம்பாசடர் தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டது. அது உருவான உத்தரபாரா தொழிற்சாலையில் பூசப்பட்ட பெயிண்ட் இனி வராது. அந்தப் பெயிண்ட் ஒரு சாட்சியும்கூட. எந்தக் கதவு அடிபட்டது, எங்கே பட்டி பூசி ஒப்பேற்றினார்கள் என்பதைப் பழைய பூச்சு மறைக்காது. புதுப் பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், புதிதாக்குவதைவிட இருப்பதைப் பேணுவதற்கே முதலிடம் தருகிறது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதைத் தயாரித்த திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்க்கின் தங்கநிறக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். டேங்க்கைத் தேய்க்கும்போது அந்தக் கோட்டின் மேலோ ஓரத்திலோ டேப் ஒட்டாதீர்கள்; பழைய கோடு டேப்போடு உரிந்து வந்துவிடக்கூடும். கம்பவுண்ட் தொட்ட துணியைக் கோட்டில் படாமல் அதைச் சுற்றிலும் மட்டும் ஓட்டுங்கள்.