மௌனத்தைச் சோம்பல் என எண்ண வேண்டாம்

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலானது. எமது கணக்குப் பிரிவின் ஆறு பேரும் ஆறு ஊர்களில் முடங்கினோம். கணினி இருந்தது, இணையம் இருந்தது. அடுத்த மேசையில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மட்டும் வழியிருக்கவில்லை.

சகோதரர் ஒருவர் இரண்டு நாட்களாகப் பதில் அனுப்பவில்லை. எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுமத்திலேயே அவரைக் கடிந்து எழுதினேன். அவருடைய வாப்பா வைத்தியசாலையில் இருந்த விடயம் பிறகுதான் தெரிய வந்தது. அலுவலகமாக இருந்திருந்தால் அவரது முகமே சொல்லியிருக்கும். மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் பல வாரங்களாக அவர் குழுமத்தில் எதுவும் பேசவில்லை.

அதன்பின் மூன்று விடயங்களை வழக்கமாக்கினோம்.

முதலாவது, காலை 9 மணிக்குப் பத்து நிமிட அழைப்பு. முதலில் வீட்டு நலம், பிறகே வேலை.

இரண்டாவது, வாய்வழி எடுத்த முடிவை யார், எதை, எப்போது என ஒரே இடத்தில் எழுதி வைப்பது.

மூன்றாவது, குறையைத் தனியாக அழைத்துச் சொல்வது. பாராட்டை எல்லோர் முன்னிலையிலும் சொல்வது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு எம்மை மீண்டும் வீடுகளில் இருத்தியது. மின்வெட்டு நேரமும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. யார் வீட்டில் எப்போது மின்சாரம் இருக்கும் எனப் பட்டியலிட்டு வேலையைப் பிரித்துக் கொண்டோம். அந்தப் பட்டியலைத் தானாக முன்வந்து தயாரித்தவர் அதே சகோதரர்தான்.

உங்கள் குழுவில் ஒருவர் மௌனமாகிவிட்டால், தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.