மாலை இதழின் மனவுறுதி

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், 1830ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், லார்ஸ் யோஹான் ஹியெர்ட்டா என்பார் 'அஃப்டன்பிளாடெட்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். அப்பெயருக்கு 'மாலை இதழ்' என்பது பொருள்.

தமக்கு ஒவ்வாத இதழை வழக்குமன்றம் செல்லாமலே நிறுத்திவிடும் அதிகாரம் 1812 முதல் அந்நாட்டு அரசினர்க்கு இருந்தது. ஆட்சியின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்த மாலை இதழை 1835இல் அவர்கள் தடுத்தனர். ஹியெர்ட்டா சோர்ந்தாரல்லர். வேறொருவர் பெயரில் புதிய உரிமம் பெற்று, இதழின் பெயரைச் சிறிது மாற்றி மீண்டும் வெளியிட்டார். தடை வருந்தோறும் 'நான்காவது', 'ஐந்தாவது' எனப் பெயரோடு எண் வளர்ந்தது, இருபதையும் கடந்தது. 1844-45இல் கூடிய நாடாளுமன்றக் காலத்தில் அவ்வதிகாரமே ஒழிந்தது.

பிற்காலத்தில் சிற்றளவுத் தாளாகி, நாடெங்கும் பரவிய அவ்விதழ், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இட்லரின் ஜெர்மனியின்பால் சாய்ந்து பழியும் ஏற்றது. 1956இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதனை வாங்கியது. 1994இல் அது இணையத்திலும் இடம்பெற்றது.

மாணவர்களே! எழுத்துரிமையைப் பெறுதற்கு உறுதி வேண்டும். பெற்றபின் அதனை நெறியோடு ஆளுதற்கும் அவ்வுறுதியே வேண்டும். இவ்விரண்டையும் அவ்விதழின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.