படகில் இடம் கிடைத்தால்தான் படிப்பு!

விடியற்காலை நான்கு மணிக்கு உலு திராமில் நின்று பாருங்கள். கோத்தா திங்கி சாலையில் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜொகூர் பாரு பக்கம் பறந்து கொண்டிருக்கும். சிங்கப்பூரில் வேலை. பாலத்தில் நெரிசல் தொடங்குவதற்குள் கடந்துவிட வேண்டும். நம்மில் பலருக்கு அப்பாவோ அண்ணனோ அந்த வரிசையில் இருப்பார்கள்.

அதே நேரத்தில் உலகின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் எழுந்து இருட்டில் ஆற்றங்கரைக்கு நடக்கிறார்கள். அவர்களுக்கு அது வேலை அல்ல. துடுப்புப் படகுப் பயிற்சி. எட்டு மணி வகுப்புக்கு முன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் துடுப்பு வலித்துவிட்டு, ஈரத் தலையோடு விரிவுரைக்குப் போகிறவர்கள்.

“அதெல்லாம் பணக்காரர்கள் விளையாட்டு” என்று நாம் தள்ளிவிடுகிறோம். அந்த எண்ணம் முழுக்கத் தவறும் அல்ல. ஆனால், படகில் இடம் கிடைத்ததால் மட்டுமே படிப்பைத் தொடர முடிந்த ஏழை மாணவன் ஒருவனின் கதை இருக்கிறது. பல்கலைக்கழக வாசலில் நிற்கும் தம்பி தங்கைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதுகு காட்டிச் செல்லும் ஓட்டம்

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்வோம். கேரளத்து வள்ளம் களியையோ நம் நாட்டு டிராகன் படகையோ பார்த்திருப்பீர்கள். அவற்றில் துடுப்பு போடுபவர்கள் முன்னோக்கி அமர்ந்திருப்பார்கள். ரோவிங் எனப்படும் இந்தப் போட்டியில் அப்படி இல்லை. படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர வேண்டும். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியாது. பின்தங்கியவர்களைப் பார்க்கலாம், முந்திச் செல்பவர்களைத் திரும்பினால்தான் பார்க்க முடியும். திரும்பினால் படகு ஆடும்.

எட்டுப் பேர் படகு சுமார் 17 மீட்டர் நீளம். அகலமோ ஒருவர் உட்காரும் அளவுதான். போட்டி விதிப்படி அதன் குறைந்தபட்ச எடை 96 கிலோ. அதாவது பெரிய உடம்புக்காரர் ஒருவரின் எடை! அதில் எட்டுப் பேரும், அவர்களை எதிர்நோக்கி அமர்ந்து படகைத் திருப்பும் ‘காக்ஸ்’ ஒருவரும் ஏறுகிறார்கள். இருக்கைக்கு அடியில் சக்கரம் உண்டு. இருக்கை முன்னும் பின்னும் நகர்வதால் உந்து சக்தியின் பெரும்பங்கு கையிலிருந்து அல்ல, காலிலிருந்து வருகிறது.

ஒலிம்பிக்கில் தூரம் 2,000 மீட்டர். நல்ல ஆண்கள் அணி அதை ஐந்தரை நிமிடத்தில் கடக்கும். எட்டுத் துடுப்புகளும் ஒரே நொடியில் நீரில் இறங்கி, ஒரே நொடியில் மேலே வர வேண்டும். ஒருவர் மட்டும் அதிகமாக வலித்தாலும் படகு வேகம் குறையும். இங்கே தனி நட்சத்திரத்துக்கு இடமில்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முதலில் மோதியது 1829-இல். இன்றும் வசந்த காலத்தில் லண்டன் தேம்ஸ் நதியில் 6.8 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தப் போட்டி நடக்கிறது. 1877-இல் அது சமனில் முடிந்தது. 1912-இல் இரண்டு படகுகளும் மூழ்கின! பெண்கள் அணிகள் அதே நாளில், அதே தடத்தில் மோதும் உரிமையைப் பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கைவிடப்பட்ட சிறுவன்

இனி கதைக்கு வருவோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டல் நகரில் இருக்கிறது வாஷிங்டன் பல்கலைக்கழகம். 1930-களில் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கிக் கிடந்தது. 1933-இல் அங்கே பொறியியல் படிக்கச் சேர்ந்தார் ஜோ ரான்ட்ஸ்.

சிறு வயதிலேயே தாயை இழந்தவர் அவர். தந்தை மறுமணம் செய்துகொண்டார். ஜோவுக்கு 15 வயதானபோது, அந்தக் குடும்பம் அவரைத் தனியே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. மரம் வெட்டியும் மீன் பிடித்தும் வயிற்றைக் கழுவிக்கொண்டே பள்ளிக்குப் போனவர் அவர். ஓராண்டு வேலை செய்து சேர்த்த பணத்தோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

படகு அணித் தேர்வுக்கு அந்த ஆண்டு வந்த புதிய மாணவர்கள் 175 பேர். பெரும்பாலோர் அதற்கு முன் இந்தத் துடுப்பைத் தொட்டதே இல்லை. ஜோவும் அப்படித்தான். அணியில் இடம் பிடித்தால் வளாகத்தில் பகுதி நேர வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் கட்டணம் கட்டலாம். இடம் போனால் படிப்பும் போகும். அவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல, வாழ்க்கை.

நைந்த கம்பளிச் சட்டை ஒன்றையே திரும்பத் திரும்ப அணிந்து வந்ததால் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். 1935 விடுமுறையில் அவர் கிராண்ட் கூலி அணைக்கட்டு வேலைக்குப் போனார். பாறைச் சரிவில் கயிற்றில் தொங்கியபடி இயந்திரத்தால் பாறை உடைக்கும் வேலை. ஆபத்தானது என்பதால் மணிக்கு 75 சென்ட் கூலி. அடுத்த ஆண்டுப் படிப்புச் செலவுக்கு அதுதான் வழி.

ஒரு பருவம், நான்கு வாசல்

1936-ஆம் ஆண்டுப் போட்டிப் பருவம் தொடங்கியபோது ஜோவின் இடம் உறுதியாக இல்லை. பயிற்சியாளர் அல் உல்பிரிக்சன் வாரந்தோறும் ஆட்களை மாற்றி மாற்றிப் படகில் அமர்த்திப் பார்த்தார். ஜோவிடம் பலம் இருந்தது. ஆனால் யாரையும் நம்பும் பழக்கம் இல்லை. பெற்றவரே விட்டுப் போன பிள்ளைக்கு அது எப்படி வரும்?

படகு செய்பவரான ஜார்ஜ் போகாக் அதைக் கவனித்தார். படகில் இருக்கும் மற்றவர்கள் மீது அக்கறை வந்தால்தான் உன் துடுப்பு சரியாக விழும் என்ற பொருளில் அவர் ஜோவிடம் பேசினார். மார்ச் மாதத்தில் ஜோ முதல் படகுக்கு மாற்றப்பட்டார். அந்தப் படகு அன்றே வேறு மாதிரி ஓடியது. சியாட்டல், அதன் சுற்றுவட்டாரச் சிற்றூர்களைச் சேர்ந்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். மரவேலை, மீன்பிடிப்பு, பண்ணை வேலை பார்த்து வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

முதல் வாசல் ஏப்ரலில். பரம எதிரியான கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை வாஷிங்டன் ஏரியில் தோற்கடித்தார்கள்.

இரண்டாவது வாசல் ஜூன் 22, நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி. ஹட்சன் நதியில் நான்கு மைல் தூரம். காக்ஸ் பாப் மோக், அணியை வேண்டுமென்றே நிதானமாக ஓட வைத்தார். படகு வெகுதூரம் பின்தங்கியது. கரையில் இருந்தவர்கள் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். மற்றவர்கள் களைத்த பிறகு மோக் வேகத்தைக் கூட்டச் சொன்னார். ஒவ்வொரு படகாகத் தாண்டி முதலில் வந்தார்கள்.

மூன்றாவது வாசல் ஜூலையில், பிரின்ஸ்டனில் நடந்த ஒலிம்பிக் தேர்வுச் சுற்று. அதிலும் வெற்றி. ஆனால் மகிழ்ச்சி ஒரு மாலைப் பொழுதுகூட நிலைக்கவில்லை. பெர்லின் செல்லும் செலவை அணியே ஏற்க வேண்டும் என்றார்கள். தேவை 5,000 டாலர். பணம் இல்லாவிட்டால் அடுத்த அணி போகும். செய்தி சியாட்டலுக்கு எட்டியது. பத்திரிகைகள் வேண்டுகோள் விடுத்தன. மந்தக் காலத்திலும் ஊர் மக்கள் சில நாட்களில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள்.

நான்காவது வாசல் பெர்லின். 1936 ஆகஸ்ட் 14. ஹிட்லர் பார்வையாளர் மேடையில் அமர்ந்திருந்தார். காற்று அடிக்காத தடங்கள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும். அலை அதிகமான ஆறாவது தடம் அமெரிக்காவுக்கு. தாளத்தை நிர்ணயிக்கும் டான் ஹியூம் காய்ச்சலிலிருந்து முழுக்கத் தேறவில்லை. போதாததற்கு, காற்றிரைச்சலில் தொடக்க அறிவிப்பும் சரியாகக் கேட்கவில்லை. தாமதமாகக் கிளம்பினார்கள்.

பாதித் தூரம் தாண்டியும் பின்தங்கியே இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் வேகம் நிமிடத்துக்கு 44 துடுப்புவரை போனது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது வென்றவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அமெரிக்கா 6 நிமிடம் 25.4 நொடி. இத்தாலி 6:26.0. ஜெர்மனி 6:26.4. மூன்று அணிகளுக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு நொடி!

ஜோ ரான்ட்ஸ் பிறகு பொறியியலாளராகி, போயிங் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். 2007-இல் மறைந்தார். பாப் மோக் வழக்கறிஞர் ஆனார். அவர்கள் ஓட்டிய படகு இன்றும் அந்தப் பல்கலைக்கழகப் படகுக் கூடத்தில் தொங்குகிறது. புதிதாகச் சேரும் மாணவர்கள் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

நம் பக்கத்து நீர்நிலைகள்

“அது அமெரிக்கா, நமக்கு என்ன?” என்று கேட்கலாம். துடுப்புப் படகு நம் பக்கத்துக்கும் புதிதல்ல. கொழும்பு ரோவிங் கிளப் 1864-இலும், மெட்ராஸ் போட் கிளப் 1867-இலும் தொடங்கப்பட்டன. இரண்டும் 1898 முதல் மோதி வருகின்றன. ஆங்கிலேயர்களின் பொழுதுபோக்காக அடையாறு ஆற்றில் தொடங்கியதை இன்று நம் இளைஞர்களும் பெண்களும் ஓட்டுகிறார்கள். ஆனாலும் சென்னையில் ‘போட் கிளப்’ என்றால் வசதியானவர்களின் வட்டாரம்தான் நினைவுக்கு வரும். பணக்கார விளையாட்டு என்ற பெயர் சும்மா வரவில்லை.

அந்த வேலியைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் தத்து பொக்கனல் மகாராஷ்டிராவின் வறண்ட கிராமத்துக்காரர். அப்பாவோடு கிணறு வெட்டியவர். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தவர். இராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் படகில் ஏறினார். 2016-இல் ரியோ ஒலிம்பிக் போனார். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நால்வர் அணியில் தங்கம் வென்றார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் துடுப்புப் படகு வீராங்கனை சயிடா ஆயிஷா, ஆண்டு 2016. அடுத்து தோக்கியோவுக்குப் போன ஜோன் போ ஒரு தாதி. கோவிட் காலத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைப் பணிக்குத் திரும்பியவர். சிங்கப்பூர் அணிகள் பயிற்சி செய்யும் பண்டான் நீர்த்தேக்கம் நம் ஊரிலிருந்து கல்லெறி தூரம் இல்லைதான். ஆனால் நம் அண்ணன்மார் தினமும் வேலைக்குப் போய் வரும் தூரம்தான்.

சேர விரும்பினால்...

அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஆனால் அந்தப் பத்துக்காக மட்டும் விளையாட்டைத் தேடாதீர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு கிடைக்கும் வாய்ப்பு அதைவிடப் பெரியது.

கால்பந்து, பூப்பந்து அணிகளில் இடம் பிடிக்க ஏழு வயதிலிருந்து விளையாடியிருக்க வேண்டும். துடுப்புப் படகு அப்படி அல்ல. பல பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவர்கள் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிரிட்டனின் ஹெலன் குளோவர் 2008-இல்தான் துடுப்பைப் பிடித்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். உயரமும் நீண்ட கால்களும் உதவும். சிறிய உடம்பா? காக்ஸ் இருக்கை உங்களுக்காகவே இருக்கிறது. சொந்தமாகப் படகு வாங்க வேண்டியதில்லை, படகு மன்றத்துடையது. நீச்சல் மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதை இப்போதே கற்றுக்கொள்ளலாம்.

சிரமத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வெடிக்கும். எர்கோமீட்டர் எனும் பயிற்சி இயந்திரத்தில் 2,000 மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கும்போது கால் நிற்காது. விடியற்காலைப் பயிற்சிக்குப் பிறகு மதிய விரிவுரையில் கண் சொக்கும். படிப்பு சரிந்தால் அணியில் இருந்து பயனில்லை. ஆகவே சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, வசதியில்லாதவர்களுக்குச் சலுகை உண்டா? தேர்வுக் காலத்தில் விடுப்பு தருவார்களா?

உங்கள் பல்கலைக்கழகத்தில் ரோவிங் இல்லாவிட்டால் கயாக்கோ டிராகன் படகோ இருக்கலாம். அதுவும் இல்லாவிட்டால், நாலு பேர் சேர்ந்து செய்யும் வேறு எதுவானாலும் சரி. அறைக்குள் கைப்பேசியோடு முடங்கிவிடாதீர்கள்.

மலாய் மொழியில் ‘உலு’ என்றால் ஆற்றின் மேல்பகுதி. ‘திராம்’ என்றால் சிப்பி. ஆற்றின் பெயரைத் தாங்கிய ஊர் நம்முடையது. விடியற்காலையில் எழுவதும் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு விழித்துப் பழகிய பிள்ளைகளுக்கு, ஐந்து மணிப் பயிற்சி ஒரு பெரிய விஷயமா என்ன?