லோடு வண்டியில் கண்ணாடி கேமரா: மாட்டும்போதும் மோதிய பிறகும்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கிரேடுகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிக் கிளம்பும் பிக்கப்பில் உள்கண்ணாடியைப் பார்த்தால், கேபினின் பின் ஜன்னலை அடைத்து நிற்கும் கிரேடுதான் தெரியும். பின்னால் டூவீலர் ஒட்டிக்கொண்டு வருகிறதா, ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் குழந்தை நிற்கிறதா என்பதற்கு அந்தக் கண்ணாடியில் பதில் இல்லை. பொலிரோ பிக்கப், தோஸ்த், ஏஸ் ஓட்டுகிறவர்கள் கண்ணாடி வடிவக் கேமராவைத் தேடிப் போவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பயம். லோடு வண்டியும் டூவீலரும் மோதிக்கொண்டால், கூடுகிற கூட்டம் யார் மேல் தப்பு என்று விசாரித்துக்கொண்டிருக்காது. பெரிய வண்டிக்காரன் சட்டையைத்தான் பிடிக்கும். குறுக்குச் சந்திலிருந்து அவர் திடீரென்று திரும்பினார் என்று டிரைவர் சொன்னால் நம்ப ஆள் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு வீடியோ பதிவு கையில் இருப்பது பெரிய பலம். ஆனால் கேமரா இருந்தும் பதிவு இல்லாமல் போவதும், பதிவு இருந்தும் கோர்ட்டில் அது எடுபடாமல் போவதும் சாதாரணமாக நடக்கக்கூடியவை. மாட்டும் நாளிலிருந்தே கவனித்தால்தான் அந்தப் பலம் கடைசிவரை நிற்கும்.

பெரும்பாலான மாடல்கள் வண்டியின் உள்கண்ணாடி மேல் ரப்பர் பட்டையால் கட்டப்படுபவை. முன் கேமரா அதன் முதுகிலேயே இருக்கும். பின் கேமரா தனியாக ஒரு நீண்ட கேபிளில் வரும். பிக்கப்பில் சிக்கல் தொடங்குவது இந்தக் கேபிளில்தான். கிட்டில் கொடுக்கும் கேபிள் காரை மனதில் வைத்துச் செய்தது. அது பத்தவில்லை என்று கேபினின் பின் ஜன்னலிலேயே கேமராவை ஒட்டிக் கொடுத்துவிடுகிற கடைகள் உண்டு. காலி வண்டியில் அது நன்றாகத்தான் தெரியும். லோடு ஏற்றியதும் கேமராவும் கிரேடைத்தான் பார்க்கும். பின் கேமரா வண்டியின் வால் பக்கம், நம்பர் பிளேட்டுக்கு மேலே, பின் கதவை இறக்கும்போது அடிபடாத இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு நீளமான கேபிளைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் சேஸிஸ் ஓரமாக, சைலன்ஸரையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் விட்டு விலகி, பிளாஸ்டிக் குழாய்க்குள் போக வேண்டும். கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தகரத்தின் விளிம்பு சில மாதங்களிலேயே ஒயரின் தோலை உரித்துவிடும். இணைப்பு வெளியே இருந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கிப் படம் மங்கும். அதே கேபிளில் தனியாகத் தொங்கும் மெல்லிய சிவப்பு ஒயர் ரிவர்ஸ் லைட்டுக்குப் போவது. அதை இணைத்தால்தான் ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்பக்கம் திரை முழுக்கத் தெரியும்.

கரன்ட் எடுக்கும் விதத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடும் ஒயரின் நடுவில் பிளேடால் தோலைச் சீவி, செம்பை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுப்பது பத்து நிமிட வேலை. வெயிலில் டேப்பின் பசை இளகி, அதிர்வில் முறுக்கு தளர்ந்து, அந்த இடம் சூடாகி, தீ பிடிப்பது வரை போகலாம். வண்டிக் கம்பெனிக்கும் ஒயரிங்கை வெட்டியதைக் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கிடைத்துவிடும். ஃபியூஸ் பெட்டியில் தனி ஃபியூஸோடு செருகும் இணைப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். சாவியை அணைத்த பிறகும் பதிவு ஓட வேண்டுமென்றால், பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும் ஹார்ட்வயர் கிட் அவசியம். அது இல்லாமல் பார்க்கிங் பதிவை ஓட விட்டால், விடியற்காலை மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் செல்ஃப் எடுக்காது. வேலை முடிந்ததும் பொருளுக்கும் ஃபிட்டிங் கூலிக்கும் சேர்த்து, மாடல் பெயரோடு பில் வாங்குங்கள். பின்னால் புகார் என்று போனால் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

மாட்டிய பிறகு கண் பழக வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்குக் கண் தூரத்தையே பார்க்கிறது. திரையைப் பார்க்கும்போதோ கிட்டப் பார்வைக்கு மாற வேண்டும். நாற்பது வயதைத் தாண்டி, படிக்கக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்தத் திரை முதலில் மங்கலாகத்தான் தெரியும். அகலக் கோணக் கேமராவில் பின்னால் வரும் பஸ் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகவும் தோன்றும். அதனால் தடம் மாறும்போது பக்கக் கண்ணாடிகளையும் பார்த்தாக வேண்டும். அவற்றைக் கழற்றுவது சட்டப்படியும் தவறு. இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள்; முன்பக்கப் படம் திரையில் ஓடத் தேவையில்லை. சாலையைத்தான் நேரில் பார்க்கிறீர்களே.

மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய கேபின் அடுப்பாகிவிடும். உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள கேமராவில் அந்தப் பேட்டரி உப்பும். சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளது என்று கேட்டு வாங்கினால் இந்தக் கவலை குறைவு. மெமரி கார்டும் சாதாரணமானது வேண்டாம். தொடர்ந்து எழுதி அழிப்பதற்கென்றே ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்ற பெயரில் வரும் கார்டு போடுங்கள். தேய்ந்த கார்டு சத்தமில்லாமல் செத்துப்போகும். திரையில் படம் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே எதுவும் பதிவாகியிருக்காது. மாதம் ஒருமுறை கார்டைக் கழற்றி ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். அப்படிப் பார்க்கும்போது தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா, நேர மண்டலம் +5:30 என்று இருக்கிறதா, பின் கேமராவில் நம்பர் பிளேட் நேராகப் பதிவாகிறதா என்பதையும் பாருங்கள். சில மாடல்கள் திரையில் காட்டுவது போலவே இடவலம் மாற்றிப் பதிவும் செய்துவிடும். கேமராவின் வைஃபைக்குக் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டு எட்டு எண்களை வரிசையாகப் போட்டது மாதிரி எளிதானதாக இருந்தால் அன்றே மாற்றுங்கள். பக்கத்து வண்டியில் இருப்பவர் கூட உங்கள் பதிவுக்குள் நுழைய அது வழிவிடும்.

விபத்து நடந்த அந்த ஒரு மணி நேரம்

முதலில் மனிதர். 108-ஐ அழையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை டிரைவரின் கடமையாக வைக்கிறது. கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாமல் போகலாம் என்பதையும் அந்தப் பிரிவே ஏற்றுக்கொள்கிறது. அப்படி உயிருக்குப் பயந்து விலக நேர்ந்தாலும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொல்லியாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது கார்டு. இந்தக் கேமராக்கள் ஓரிரு நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, இடம் தீர்ந்ததும் பழைய துண்டுகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். இரண்டு கேமரா ஓடும் வண்டியில் 64 ஜி.பி. கார்டு சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். பலமாக இடித்தால் அதிர்வு உணரி அந்தத் துண்டைத் தானே பூட்டும். ஆனால் லோடு வண்டி குலுங்குகிற குலுங்கலில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பூட்டிக்கொள்கிறது என்று அதன் உணர்திறனைக் குறைத்து வைத்திருப்பார்கள். அப்போது லேசான உரசல் பூட்டப்படாது. ஆகவே திரையில் உள்ள பூட்டுப் பொத்தானைக் கையால் அழுத்திவிட்டு, மின்சாரத்தை அணைத்துக் கார்டைக் கழற்றி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மாற்றுக் கார்டு ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இரவில் எதிர் வண்டியின் நம்பர் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். மைக் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நம்பரை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள், பதிவில் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதைச் சாட்சியம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அனுப்பும்போதே படம் சுருங்கித் தரம் இழக்கிறது, மூல ஃபைலோடு ஒத்தும் போகாது. வெட்டுவது, இசை சேர்ப்பது, இடவலம் திருப்புவது எல்லாமே பிரதியில் நடக்கட்டும். கார்டில் கை வைக்கக் கூடாது. அடிபட்டவர் முகம் தெரியும் வீடியோவை ஊருக்குப் பரப்புவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் கொடுமை. உங்களுக்கே அவதூறு வழக்கும் வரலாம்.

பதிவு உங்களுக்கு எதிராகவும் பேசும். ஜி.பி.எஸ். உள்ள கேமரா உங்கள் வேகத்தையே படத்தின் கீழே எழுதிவைக்கும். அதைப் பார்த்துப் பதறிப்போய் அழித்துவிடச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அது கிடைக்காமல் செய்வதற்காக அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய தனிக் குற்றம். கவனக்குறைவு வழக்கோடு இதுவும் சேர்ந்தால் வக்கீலால் பேச முடியாமல் போகும்.

போலீஸ் கேமராவைக் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு மின்னணுக் கருவிகளையும் ஆஜர்படுத்தக் கேட்கும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். கார்டின் அளவும் கம்பெனியும் எழுதிய கைப்பற்றல் மகஜரின் நகலைக் கேளுங்கள். முடிந்தால் கொடுப்பதற்கு முன் கம்ப்யூட்டரில் முழுப் பிரதி எடுத்து வையுங்கள். பொருளைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் மனு போடவும் வழி இருக்கிறது.

கோர்ட்டில் நிற்க என்ன வேண்டும்

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் பிரதியைக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கூடவே வர வேண்டும் என்கிறது. அதில் இரண்டு பகுதி: ஒன்றில் கருவியை வைத்திருந்தவர் கையெழுத்து, மற்றதில் நிபுணர் கையெழுத்து. ஃபைலின் ‘ஹேஷ்’ மதிப்பும் எழுதப்பட வேண்டும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட அது உதவுகிறது. பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரதிக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றது. மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம் என்றும் சொன்னது. கழற்றிய கார்டை அப்படியே வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இது.

கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலோ எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். ஆகவே எதிர்த் தரப்பின் பங்கும் தெரியும் வீடியோ அங்கே தொகையையே மாற்றும். காயம்பட்டது நீங்கள் என்றால் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம். இந்தக் காலக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் உண்டு. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு கேபினிலேயே படுத்துத் தூங்கி, அங்கேயே சட்டை மாற்றி, வீட்டுக்குப் பேசுகிற மனிதரை நாள் முழுக்கப் படம் பிடிப்பதும் பேச்சைப் பதிவதும் சாதாரண விஷயம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்யும் தனிநபரைத் தொடுவதில்லை. தொழிலுக்காகப் பதிவு செய்யும் முதலாளிக்கு அந்த விலக்கு கிடையாது. முன்னும் பின்னும் சாலையைப் பார்க்கும் கேமராவுக்கு யாரும் மறுப்பு சொல்லப் போவதில்லை. கேபினைப் பார்க்கும் மூன்றாவது கேமராவும் மைக்கும் இருந்தால் டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லி, வண்டி நின்ற பிறகு அவற்றை அணைக்கும் வசதியையும் தர வேண்டும் என்பது என் கருத்து.

பொருளே கோளாறாக வந்தால்? ‘லோடு வண்டி வியாபாரத்துக்குத்தானே, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று கடைக்காரர் சொல்லிப் பார்ப்பார். அது முழு உண்மை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழிலில் தன் பிழைப்புக்காகவே பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் தைரியமாகக் கேட்கலாம். முதலில் கடைக்கோ ஆன்லைன் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஃபிட்டிங் கோளாறால் ஒயரிங் எரிந்தாலும் இதே வழிதான், அது சேவைக் குறைபாடு. எரிந்த ஒயரைத் தூக்கிப் போடாமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கி, மனுவோடு சேருங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-இல் கேட்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.