டிராக்டர் ரிவர்ஸ் வரும்போது முதலாளி போன் செய்யலாமா?

வரி, வாடகை, எடை, கொள்முதல் என்று எத்தனையோ விஷயங்களை நாம் கூடிப் பேசுகிறோம். நமது சரக்கை ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர் டிரைவரிடம் எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதில் நான் ஒரு பெரிய தவறு செய்தவன். அந்தப் பாடத்தை நமது உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஆம்பூரில் உப்பு, சுண்ணாம்பு, கடுக்காய் மொத்த வியாபாரம். தோல் தொழிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றும் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு, முடி கழல சுண்ணாம்பு, பதனிடக் கடுக்காய். குரோம் முறை வந்த பிறகு கடுக்காய் வியாபாரம் குறைந்துவிட்டது. உப்பும் சுண்ணாம்பும் இன்றும் போகின்றன. ஆம்பூர், துத்திப்பட்டு, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று டேனரிகளுக்கு எங்கள் டிராக்டர் டிரெய்லரில்தான் மூட்டைகள் போகும். லாரி நுழையாத சந்துகளில் டிராக்டர்தான் நுழையும்.

நடந்தது என்ன?

2018-ஆம் வருடம் கார்த்திகை மாதம். மழை பெய்து ஓய்ந்த மாலை நேரம். சுண்ணாம்பு லோடு ஒரு டேனரிக்குப் போயிருந்தது. இன்னொரு பார்ட்டி கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "என் உப்பு எப்போது வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் டிரைவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன்.

அதே நேரத்தில் அங்கே டிரைவர் டிரெய்லரை ரிவர்சில் கேட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்று வழி காட்டிக்கொண்டிருந்த லோடுமேன் கால் வழுக்கி, சுவருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியிருக்கிறார். டிராக்டர் சத்தத்தில் அது கேட்கவில்லை. டிரைவரின் கண்ணோ சட்டைப் பையில் அடித்துக்கொண்டிருந்த போன்மேல் போயிருக்கிறது. கேட்டில் நின்ற டேனரி மேஸ்திரி பாய் ஓடிவந்து டிரைவரின் தோளைத் தட்டிய பிறகுதான் வண்டி நின்றது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. வேலூரில் பதினொரு நாள் படுக்கை, பிறகு வீட்டில் ஆறு மாதம். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அது என் கடமை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரைவர் என்னிடம், "முதலாளி, நீங்க கூப்பிட்டா எடுக்காம இருக்க முடியுமா? எடுக்கலாமா வேணாமான்னு ஒரு நிமிஷம் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் போன் செய்தவன் நான்தான்.

டிராக்டரில் ஏன் காது கேட்பதில்லை?

கேபின் இல்லாத டிராக்டரில் டிரைவரின் காதருகே சத்தம் 90 டெசிபலைத் தொடுவது சாதாரணம். நாள் முழுவதும் வேலை செய்பவர்களுக்கு 85 டெசிபலுக்கு மேல் போனால் காதுக்கு ஆபத்து என்று பல நாடுகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த இரைச்சலில் இருபது அடி தள்ளி நின்று கத்தினாலும் பயன் இல்லை. லோடு ஏற்றிய டிரெய்லர் பின்னால் இருப்பவரை மறைத்துவிடும். மேலும் டிரெய்லரை ரிவர்ஸ் விடும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும். டிரைவரின் முழுக் கவனமும் அதிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே பின்னால் நிற்பவரின் குரல் டிரைவரின் காதுக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும் என்று யோசித்தேன். அப்போதுதான் ரயில் நிலையம் நினைவுக்கு வந்தது. காட்பாடி, ஜோலார்பேட்டை ஜங்ஷன்களில் நாம் பார்த்திருக்கிறோம். எஞ்சினில் இருக்கும் லோகோ பைலட்டும் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டும் வாக்கி டாக்கியில்தான் பேசிக்கொள்கிறார்கள். கார்டு என்ற பதவிக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியிருக்கிறது. வேலை அதேதான்.

வெளிநாட்டு விவசாயிகளுக்கு இது பழைய சங்கதி. ஆஸ்திரேலியாவில் ஆல்பிரெட் டிரேகர் என்பவர் 1929-ல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோவைச் செய்தார். மின்சாரமும் போனும் இல்லாத பண்ணை வீடுகள் அதன் மூலம் டாக்டரைக் கூப்பிட்டன. 1977-ல் அந்த நாட்டில் பொதுமக்களுக்கென்று யு.எச்.எப். அலைவரிசையைத் திறந்துவிட்டார்கள். இன்று அங்கே டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் ரேடியோ இருப்பது சகஜம்.

போன் இருக்கும்போது இது எதற்கு?

பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. போன் என்பது ஊரில் உள்ள எல்லோரும் அடிக்கக்கூடிய மணி. நம்பரைப் போட வேண்டும், மணி அடிக்க வேண்டும், எடுக்க வேண்டும். அதற்குள் பத்து விநாடி போய்விடும். வாக்கி டாக்கியில் பொத்தானை அழுத்திய உடனே குரல் அந்தப் பக்கம் கேட்கும். டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஆனால் ஒருவர் பேசி முடித்துப் பொத்தானை விட்டால்தான் மற்றவர் பேச முடியும். தூரமும் குறைவுதான். பெட்டியின் மேல் பல கிலோமீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். அது நடுவில் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளிக்குச் சொல்வது. எங்கள் ஊர்ச் சந்துகளில் எனக்கு அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைத்தது. பின்னால் நிற்கும் ஆளும் டிரைவரும் பேச அது தாராளம். கடையிலிருந்து பேரணாம்பட்டுக்குப் பேச அது உதவாது, உதவவும் வேண்டாம்.

நான் செய்த இரண்டாவது தவறு

2019-ல் என் மகனிடம் சொல்லி ஆன்லைனில் ஒரு ஜோடி செட் வாங்கினேன். விலை மலிவு, குரலும் கணீரென்று இருந்தது. இரண்டு வாரம் சந்தோஷமாக ஓட்டினோம். ஒருநாள் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ரிட்டையரான நண்பர் ஒருவர் கடைக்கு வந்தார். செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு லைசென்ஸ் வாங்கினீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சின்ன வயதில் எங்கள் வீட்டு ரேடியோவுக்கு அப்பா வருடா வருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டியது ஞாபகம் இருக்கிறது. பாட்டுக் கேட்கும் பெட்டிக்கே அந்தக் காலத்தில் லைசென்ஸ் வேண்டும். 1980-களில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பேசி அனுப்பும் கருவி விஷயம் வேறு. 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் அனுமதி வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

மலிவாக வரும் பல செட்டுகளில் எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதே எல்லைக்குள்தான் போலீஸ், ரயில்வே, தீயணைப்புத் துறை எல்லாம் பேசுகின்றன. நாம் தெரியாமல் அங்கே போய், "இன்னும் நாலு அடி வா" என்று சொன்னால் யாருடைய அவசரப் பேச்சைக் கெடுக்கிறோமோ தெரியாது. அந்த ஜோடியை அன்றே ஓரம் கட்டினேன்.

அப்படியானால் சாமானியர் பயன்படுத்த வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில் வேலை செய்யும் குறைந்த சக்தி செட்டுகளுக்குத் தனியாக லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு அரசின் இ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் இருக்க வேண்டும். வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். பில்லில் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். "எல்லாம் ஓகே சார்" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

எலக்ட்ரிகல், மொபைல் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைன் தளங்களில் வாக்கி டாக்கி விற்பனைக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்திருக்கிறது. எந்த அலைவரிசை, லைசென்ஸ் தேவையா இல்லையா என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய கம்பெனிகளையே கேள்வி கேட்கும்போது நம் கடைக்கு வந்தால் என்ன பதில் சொல்வோம்? ஒப்புதல் காகிதம் இல்லாத சரக்கை யார் எத்தனை மார்ஜின் கொடுத்தாலும் அலமாரியில் வைக்காதீர்கள்.

எங்கள் கடை நடைமுறை

ஒப்புதல் பெற்ற செட் வாங்கிய பிறகு நாங்கள் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, செட் இரண்டு பேருக்கு மட்டும். ஒன்று டிரைவரிடம், ஒன்று பின்னால் நிற்பவரிடம். முதலாளிக்குச் செட் கிடையாது.

இரண்டாவது, வண்டி பின்னால் வரும்வரை பின்னால் நிற்பவர் பொத்தானை விடாமல், "வா, வா, வா" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும், செட் கீழே விழுந்தாலும், ஆள் வழுக்கினாலும் குரல் நின்றுவிடும் அல்லவா? அப்போது டிரைவரின் கால் தானாக பிரேக்குக்குப் போகும். ரயில்வே ஷண்டிங்கிலும் இதே மாதிரி முறை உண்டு.

மூன்றாவது, "நிறுத்து" என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். சொன்னவர் மூட்டை தூக்குபவரா, மேஸ்திரியா என்று பார்க்கக் கூடாது. நிறுத்திய பிறகு காரணம் கேட்டுக்கொள்ளலாம்.

நான்காவது, ரோட்டில் ஓடும்போது செட்டும் கிடையாது, போனும் கிடையாது. 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், கையில் பிடிக்கும் பேச்சுக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதும் ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்ந்துவிட்டது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. சட்டம் போன் என்று மட்டும் சொல்லவில்லை. கையில் பிடிக்கும் பேச்சுக் கருவி என்றால் வாக்கி டாக்கியும் அதில் அடங்கும். எங்கள் டிரைவர் டேனரி கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, செட்டைச் சட்டைக் காலரில் மாட்டிய பிறகுதான் ரிவர்ஸ் எடுப்பார். டிரைவர் பக்கத்தில் இருந்தால் பேச வசதி என்று லோடுமேனை மட்கார்டில் உட்கார வைப்பதும் கூடாது. டிராக்டரில் இருப்பது ஒரே சீட்.

ஐந்தாவது, செட்டில் வியாபாரம் பேசக் கூடாது. இந்த அலைவரிசை எல்லோருக்கும் பொது. அதே மாதிரி செட் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். செட்டில் பிரைவசி கோடு என்று ஒரு வசதி இருக்கும். அது அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாமல் செய்யுமே தவிர, நம் பேச்சை அடுத்தவர் கேட்காமல் செய்யாது. இன்றைய ரேட் என்ன, கலெக்ஷன் எவ்வளவு, யார் கையில் பணம் வருகிறது என்பதெல்லாம் அதில் வரவே கூடாது.

ஆறாவது, இரவு கடை சாத்தும்போது செட்டைச் சார்ஜில் போடுவது கணக்குப்பிள்ளையின் பொறுப்பு. உப்பும் சுண்ணாம்பும் புழங்கும் இடம் என்பதால் செட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம். இல்லாவிட்டால் சார்ஜ் முனை அரித்துவிடும்.

கடைசியாக

இந்தச் செட்டுகள் வந்த பிறகு எங்கள் வண்டியால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதற்குச் செட் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். லோடு போன பிறகு நான் போன் எடுப்பதை விட்டுவிட்டேன். அதுவும் ஒரு காரணம். இப்போது இறக்கி முடித்து, எஞ்சினை அணைத்த பிறகு டிரைவரே கூப்பிடுவார். அதுவரை பார்ட்டி அவசரப்பட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கிறேன். இந்த ஆறு வருடத்தில் அதனால் ஒரு பார்ட்டியும் என்னை விட்டுப் போகவில்லை.

கால் முறிந்த அந்த லோடுமேன் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். மூட்டை தூக்க முடியாது. கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். டிரெய்லருக்குப் பின்னால் செட்டைப் பிடித்துக்கொண்டு, "வா, வா" என்று சொல்பவர் அவர்தான். "வேற வேலை தரேன்பா" என்று நான் சொன்னபோது, "இல்ல முதலாளி, அந்த எடத்துல யார் நிக்கணும்னு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

நமது உறுப்பினர்களில் டிராக்டர், டெம்போ வைத்திருப்பவர்கள் பலர். செட் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் லோடு போயிருக்கும்போது போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால், வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.